பத்துமலை தூக்கிய ஆமைக்கார்

பத்துமலை போட்ட இரும்பு கேட்டைப் பற்றி இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. புந்தோங்கில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் கைவேலை ஒன்றாவது நிற்கும். எத்தனை வருசம் ஆனாலும் தொங்காது, தரையில் உரசாது, ஒரு விரலால் தள்ளினால் போய்ச் சேரும். அப்பேர்ப்பட்ட மனுசர் அறுபது வயதில் ஆமை ஓடு போல வளைந்த கூரை கொண்ட ஒரு பழைய ஆமைக்காரைப் பிரித்து, அதன் உடம்பை மட்டும் மேலே தூக்கி, காருக்கும் லாரிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்றைச் செய்து நிறுத்தினார் என்றால் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். தெலுக் இந்தான் சாலையில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துக் கைபேசியில் படம்கூடப் பிடித்தார்கள். பிடிக்கட்டும். சிரித்தவன் எவனுக்கும் செல்லாயியைத் தெரியாது.

செல்லாயி அவர் மனைவி. சர்க்கரை வியாதி அவளுடைய வலது பாதத்தில் பாதியைத் தின்றுவிட்டு, பிறகு சிறுநீரகத்துக்குப் போனது. ஒன்றுவிட்டு ஒருநாள் தெலுக் இந்தானில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய், இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவளுக்கு உயிர். ஒரு தவணை தப்பினால் உடம்பில் நீர் ஏறும். அடுத்ததும் தப்பினால் அந்த நீர் நெஞ்சுக்குள் போகும். இதை டாக்டர் மலாயில் சொன்னார், நர்ஸ் தமிழில் சொன்னார். பத்துமலைக்கு இரண்டு மொழியிலும் நன்றாகவே விளங்கியது.

புந்தோங்கில் அவர்களுக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருந்தது. நாலாவது மாடி, மின்தூக்கி கிடையாது. பாதம் போன பிறகு செல்லாயி கீழே இறங்கினால் மேலே கொண்டுசேர்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒரே மகன் யுகேந்திரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்காரன். அண்டைவீட்டாரும் எத்தனை நாளைக்குத்தான் தூக்குவார்கள்? தெலுக் இந்தானுக்கு அருகே அவள் பிறந்து வளர்ந்த ஏழாம் கட்டைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், செத்துப்போன அவள் தம்பியின் வீடு சும்மா கிடந்தது. அங்கே குடிபோனார்கள். கித்தா என்ற ரப்பர் மரங்களை எப்போதோ சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டாயிற்று, லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரையும் இல்லை. ஆனால் தரையோடு தரையான வீடு. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. "படி இல்லாத வீடு கெடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்லா," என்று செல்லாயி வந்த அன்றே சொன்னாள். வீட்டுக்குப் படி இல்லைதான். வீட்டிலிருந்து போக ஒழுங்கான சடக்கும் இல்லை என்பது மழை வந்த பிறகுதான் தெரிந்தது.

மெயின் ரோட்டிலிருந்து லயம்வரை செம்மண் பாதைதான் சடக்கு. செம்பனைக் குலை ஏற்றும் லாரியும் டிராக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டன. நடுவில் திட்டு நிற்கும். வெயில் நாளில் ஒரு பக்கச் சக்கரத்தைத் திட்டின்மேல் ஏற்றிச் சமாளித்துப் போய்விடலாம். மழை பெய்தால் மண் வழுக்கிச் சக்கரம் இரண்டும் பள்ளத்துக்குள் போகும். கார் தன் வயிற்றைத் திட்டில் பதித்து உட்கார்ந்துவிடும். அப்புறம் நீங்கள் எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும் நகராது.

செப்டம்பரில் பத்துமலையின் ஆமைக்கார் அப்படித்தான் உட்கார்ந்தது. செல்லாயி உள்ளே இருக்க, பத்துமலை மண்வெட்டியால் திட்டைக் கொத்திக் கொத்திக் கைத்தோல் உரிந்து நின்றார். அன்றைய தவணை போயிற்று. அடுத்த தவணைக்கும் மழை விடவில்லை. அன்று மத்தியானம் செல்லாயிக்கு மூச்சு ஏறி இறங்க ஆரம்பித்தது, படுக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்ந்தது. குலை ஏற்ற வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர்தான் டிராக்டர் பெட்டியில் இருந்த குலைகளை இறக்கிப் போட்டுவிட்டு, சாக்கு விரித்து, அவளைப் படுக்கவைத்து, மெயின் ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸ்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். நெஞ்சில் நீர் என்றார்கள். பிழைத்தது மறுபிறப்பு என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "போதும், விட்டுடுங்க." பத்துமலை காது கேளாதவர்போல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தார். "உங்களத்தான். எத்தன நாளைக்கு என்னய இழுத்துக்கிட்டுத் திரிவீங்க? தவணய விட்டா ஒருநா, ரெண்டுநாதான். அமைதியாப் போயிடுவேன்."

முப்பத்தைந்து வருசக் குடித்தனத்தில் அவள் எத்தனையோ திட்டியிருக்கிறாள். அதெல்லாம் அவருக்கு மழை மாதிரி, தலையைக் கவிழ்த்துக்கொண்டால் போய்விடும். இது அப்படிப் போகவில்லை. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, சத்தம் வராமல் அழுதார். அழுது முடித்ததும் புந்தோங்குக்குப் போன் அடித்தார்.

புந்தோங்கில் சீனி என்று கார் பழுதுபார்க்கும் போமன் ஒருவர் இருக்கிறார். வாலிபத்திலிருந்தே பத்துமலைக்குக் கூட்டாளி. வாயைத் திறந்தால் கிண்டல், கையை வைத்தால் வேலை. பத்துமலையின் ஆமைக்காரை இதுநாள்வரை ஓடவைத்துக்கொண்டிருப்பதும் அவர்தான்.

"வயிறு இடிக்காம இருக்கணும்னா டயரு பெருசாப் போடணும் மச்சான்," என்றார் சீனி. "பெரிய டயரு போட்டா மட்கார்ட்ல உரசும். உரசாம இருக்கணும்னா பாடிய மட்டும் மேல தூக்கணும். அதுக்குன்னு கிட்டு விக்கிறானுங்க. வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வரணும். மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசம் மழ நிக்குமா?"

"நிக்காதுலா."

"அப்ப நானே செஞ்சிக்கிறேன்."

"நீ கேட்டு செய்யிற ஆளுடா. இது கெரேத்தா, காரு."

"இரும்புதான? வேறென்ன?" என்றார் பத்துமலை.

அந்தக் காரின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமைக்கார் சட்டியும் மூடியும் மாதிரி. கீழே தட்டையான தரை. சக்கரம், என்ஜின், கியர், உட்காரும் நாற்காலி எல்லாம் அந்தத் தரையோடு சேர்ந்தவை. மேலே கதவு, கூரை, கண்ணாடியோடு கூடு. சுற்றிலும் போல்ட் போட்டு இரண்டையும் இறுக்கியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் கூடு தனியாக வந்துவிடும். நடுவில் இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, நீளப் போல்ட் போட்டு மறுபடி இறுக்கினால் கூடு அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

லயத்துக்குப் பின்னால் கித்தாப் பாலைச் சேர்த்துவைத்த, பாழடைந்த பால் ஸ்டோர் ஒன்று இருக்கிறது. கித்தா காலத்துக் கட்டடம், இரும்பு உத்தரம் இன்னும் உறுதியாக இருந்தது. அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டுக் காரை அதன் அடியில் தள்ளிக்கொண்டுவந்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் கழல மாட்டேன் என்று அடம்பிடித்தன. பாதி கழன்றது, பாதி அறுந்தது. கூடு மேலே போனதும் கீழே கிடந்த தரையைச் சுற்றி வந்து பார்த்தார். கைகால் எல்லாம் தெரிய, உரித்துப்போட்ட ஆமையாகவே கிடந்தது. இனி இதைச் சேர்க்காவிட்டால் உள்ளதும் போச்சு.

கேட் செய்ய வாங்கும் சதுரக் குழாயில்தான் சட்டம். தரையின் ஓரம் நேர்க்கோடு இல்லை. வளைந்து, குறுகி, பின்னால் மேலேறிப் போகும். நேராகவே வாழ்க்கையை ஓட்டிய இரும்பை வளைவுக்கு வளைவு வெட்டி, துண்டு துண்டாக ஒட்டி, உரசி, வைத்துப்பார்த்து, மறுபடி வெட்டினார். ஓர் இடத்தில் மயிரிழை பிசகினால் இன்னோர் இடத்தில் விரல் நுழையும். கோபத்தில் ஒருநாள் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துபோய் எறிந்ததைப் பொறுக்கிக்கொண்டுவந்தார்.

அந்த நாட்களில் அடுத்த வீட்டுக் குமுதா தன் குட்டிக் கஞ்சில் காரைக் கொடுத்து உதவினாள். வானமும் கொஞ்சம் கருணை காட்டியது. காய்ந்த சடக்கில் ஊர்ந்து ஊர்ந்து செல்லாயியை நிலையத்துக்குக் கொண்டுபோய் வந்தார். வந்ததும் பால் ஸ்டோருக்கு ஓடுவார். மேற்கே மேகம் கறுத்தால் அவருக்குக் கைவேலை தடுமாறும். நவம்பர் மழை வந்தால் கஞ்சில் செல்லாது. தீபாவளிக்கு முன்னால் குமுதாவும் மகளின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போகிறாள், காரும் அவளோடு போகும். அதற்குள் வண்டி நிமிர வேண்டும், இல்லையென்றால் செல்லாயி இல்லை. அவர் தலையில் வேறு கணக்கே ஓடவில்லை.

ஸ்டியரிங் தண்டு விஷயத்தில்தான் சீனியே கிளம்பி வந்துவிட்டார். கூடு உயர்ந்ததால் தண்டும் நீள வேண்டும். பத்துமலை ஒரு குழாயை இடையில் வைத்து ஒட்டி வைத்திருந்தார். சீனி அதைச் சுத்தியலால் ஓர் அடி அடித்தார், ஒட்டு விட்டுப்போயிற்று.

"இதுல மட்டும் உன் கேட்டு வேலயக் காட்டாத. கேட்டு பிஞ்சா நாய் உள்ள வரும். இது பிஞ்சா ரெண்டு பேரும் மேல போயிடுவீங்க." கடைசல் பிடித்துக் கையோடு கொண்டுவந்திருந்த கெட்டி இரும்புத் தண்டை வைத்து, பூட்டுப்போட்டு, தானே மாட்டிக்கொடுத்தார். ஒரு வேனிலிருந்து கழற்றிய பெரிய டயர்களையும் போட்டார்கள். லயத்து ஆட்களும் செம்பனை வெட்டும் ஆட்களும் சுற்றி நின்று கூட்டைப் பிடிக்க, கப்பி கிறீச்சிட, மூடி சட்டியின்மேல் உட்கார்ந்தது. எல்லாப் போல்ட்டும் அதனதன் ஓட்டையில் இறங்கியபோது அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். பத்துமலை மட்டும் கீழே படுத்து, வயிற்றுக்கும் தரைக்கும் இடையே கையை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

சீனி ஓட்டிப் பார்த்தார், பத்துமலையும் ஓட்டிப் பார்த்தார். பெரிய டயருக்கு என்ஜின் முனகியது, ஆனால் திட்டின்மேல் வயிறு படாமல் ஏறிப் போயிற்று. பத்துமலை அன்றைக்குத்தான் பல மாதம் கழித்துச் சிரித்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செல்லாயி, "நானும் ஒருவாட்டி ஒக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"பூச போடாம நீ ஏறக்கூடாது," என்றார் பத்துமலை.

புது வண்டியோ, பிரித்துப் பூட்டிய வண்டியோ, தோட்டத்து முனியாண்டி கோயில் முன்னால் நிறுத்தி, சூடம் காட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் பெண்டுபிள்ளைகளை ஏற்றும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. பத்துமலை அப்படியொன்றும் பெரிய பக்திமான் அல்ல. மனுசர் கோயிலுக்குப் போவதே அதன் கேட்டைப் பழுதுபார்க்கத்தான். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தவனுக்குப் பார்த்ததெல்லாம் சகுனம். பூசாரி தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம்தான் நேரம் ஒழியும் என்றார், இவரும் சரி என்றார். அன்று பூசை முடிந்து எலுமிச்சம்பழம் நசுங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெய்த மழை விடியும்வரை விடவில்லை.

மறுநாள் தீபாவளி. செல்லாயிக்குத் தவணை நாளும் அதுதான். வியாதிக்கு ஏது பண்டிகை? தலையில் எண்ணெயைத் தொட்டு வைத்து, வெந்நீர் ஊற்றி, புதுச்சேலை கட்டி, பத்துமலை அவளை வண்டியருகே கூட்டிவந்தார். கதவைத் திறந்தார்.

செல்லாயி காரில் ஏறும் முறை ஒன்று உண்டு. முதுகை வண்டிப்பக்கம் திருப்பி, பின்பக்கமாகச் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவாள். பத்துமலை இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்பார். அன்றும் அப்படியே திரும்பினாள், பின்னால் சாய்ந்தாள். உட்கார இடமில்லை. இடுப்புக்குக் கீழே இரும்பு ஓரம்தான் இடித்தது.

பத்துமலை குனிந்து பார்த்தார். கூடு உயர்ந்துவிட்டது. கூட்டோடு கதவின் அடிவிளிம்பும் உயர்ந்துவிட்டது. நாற்காலி மட்டும் பழையபடி தரையோடு தரையாகக் கீழே கிடந்தது. இரண்டுக்கும் நடுவே கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டியதுபோல் தான் செய்த சட்டம் நின்றது. காலை வீசித் தாண்டுகிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அவரும் தாண்டினார், சீனியும் தாண்டினார், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டயரை அளந்தார், பள்ளத்தை அளந்தார், திட்டை அளந்தார். யாருக்காகச் செய்தாரோ அவள் காலை அளக்கவில்லை. ஒருதரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அவளே கேட்டபோதும் சாமி பேரைச் சொல்லித் தடுத்தாயிற்று. அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"வண்டியத் தூக்கிட்டீங்க," என்றாள் செல்லாயி, மழையைப் பார்த்துக்கொண்டு. "இப்ப என்னய யாரு தூக்குவா?"

தூக்கினார். வேறென்ன செய்ய? குலை வெட்டும் ஆட்களுக்கு விடுமுறை, டிராக்டர் வராது. குமுதா வீடு பூட்டிக் கிடந்தது, லயத்தில் மற்றவர்களும் பண்டிகைக்கு வெளியூர் போயிருந்தார்கள். அக்குளில் கை கொடுத்து அவளை விளிம்பின்மேல் உட்காரவைத்து, உள்ளே சரித்தார். அவள் தொப்பென்று நாற்காலிக்குள் விழுந்து, "அம்மாடி!" என்று அலறினாள். புதுச்சேலையில் துரு அப்பிக்கொண்டது. கண்ணாடியின் அடிவிளிம்பு குட்டையான அவள் கண்ணுக்கு மேலே இருந்தது, அவளுக்குத் தெரிந்தது செம்பனை மட்டையும் வானமும்தான்.

சடக்கில் வண்டி போயிற்று. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளமெல்லாம் செந்நீர் நிறைந்திருந்தது, சக்கரம் வழுக்கியது, ஆனாலும் திட்டைத் தாண்டித் தாண்டி, வயிறு ஓரிடத்திலும் படாமல், மெயின் ரோட்டில் ஏறி நின்றது. "பாத்தியா? பாத்தியா புள்ள?" என்றார் பத்துமலை. செல்லாயி துரு அப்பிய சேலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நிலையத்தில் அன்று ஆட்கள் குறைவு. பண்டிகைக்காரர்கள் விடுப்பில் போக, பமேலா என்ற கிறிஸ்துவ நர்ஸ்தான் பொறுப்பில் இருந்தாள். பல மாதமாகச் செல்லாயியைப் பார்ப்பவள் அவள்தான். செல்லாயியை வெளியே எடுக்கப் பத்துமலையும் காவலாளியும் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் உட்கார்ந்திருந்தது இடதுபக்க நாற்காலி. வெளியிலிருந்து இழுப்பவர் கைக்கு அகப்படுவது இடது கைதான். காவலாளி அதைத்தான் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, அந்தக் கை வேணாம்!" என்று கத்திக்கொண்டே பமேலா ஓடிவந்தாள். அதற்குள் செல்லாயி வெளியே வந்துவிட்டாள். முழங்கைக்கு மேலே சிவந்து கன்றிப்போயிருந்தது.

அந்தக் கையில்தான் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் இருக்கிறது. அறுவை செய்து இணைத்த குழாய். அதன் வழியாகத்தான் ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பும். பமேலா கையை மடக்காமல் பிடித்து, காதுக்குழலை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"ரத்தம் ஓடுற சத்தம் இருக்கு. ஆனா வழக்கத்தவிடக் கம்மி," என்றாள் பமேலா. "அங்கிள், நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் கொழாய் அடைச்சிக்கிச்சுன்னா ஆன்ட்டிக்கு வேற எடம் கெடையாது. வலது கையில ஏற்கெனவே செஞ்சு கெட்டுப்போச்சு. இன்னொருவாட்டி இப்பிடி இழுக்கக் கூடாது. ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது."

நல்லவேளை, அன்றைய சுத்திகரிப்பு நடந்தது. முடிந்து சக்கர நாற்காலியில் செல்லாயியை வெளியே கொண்டுவந்து விட்டபோது மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கி அவள் முகம் வெளுத்திருந்தது. காரைப் பார்த்தாள்.

"நான் ஏறலீங்க."

"செல்லாயி, மெதுவா, இந்தத் தடவ கையப் புடிக்காம..."

"இந்தக் கை போச்சுன்னா நான் போயிட்டேன். அந்தப் புள்ள சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். நீங்க போங்க."

எங்கே போவது? வாடகைக் காரைக் கூப்பிட்டால் மெயின் ரோடோடு நிறுத்திக்கொள்வான், அங்கிருந்து அந்தச் சேற்றில் சக்கர நாற்காலி ஒரு முழம்கூட உருளாது. ஊரெங்கும் கடை அடைப்பு. ஒட்டுக்கடை, இரும்புக்கடை, போமன் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. அவளுக்கு அடுத்த தவணை நாளை மறுநாள். நிலையத்தையோ பண்டிகைக்காக இன்னும் சற்று நேரத்தில் பூட்டப்போகிறார்கள். பத்துமலை காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சீனிக்குப் போன் அடித்தார். அந்தப் பக்கம் பிள்ளைகளின் மத்தாப்புச் சத்தம்.

"கதவுக்குக் கீழ இருக்குற வெளிம்ப அறுத்துட்டா என்னா?"

சீனி குரலை உயர்த்தினார். "அடேய், அதுதான் பாடிக்கு முதுகெலும்பு. பொட்டி மாதிரி முன்னாலேருந்து பின்னால ஓடுதுல்ல, அது இருக்குறதாலதான் வண்டி நிக்கிது. அறுத்தா நடுவுல தொங்கிரும். தரையும் அதுலதான் பூட்டியிருக்கு. அதுமேலதான் சீட்டு. அப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது மச்சான்."

"எத்தன நாள் தாங்கும்?"

"அத எவன்டா சொல்லுவான்? போற வழியிலயே மடங்கலாம். வேணாம்லா. நாளைக்கு வாரேன், யோசிப்போம்."

"நாளைக்கு வரைக்கும் அவ எங்க இருப்பா சீனி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தார்.

காரின் முன்பக்கப் பெட்டியில் இரும்பு அறுக்கும் பேட்டரி கிரைண்டர் எப்போதும் கிடக்கும். பத்துமலை காரை நிலையத்து முகப்புக் கூரைக்கடியில் தள்ளி நிறுத்தினார். பமேலா செல்லாயியின் சக்கர நாற்காலியைப் பொறி படாத தூரத்துக்கு உருட்டிப் போனாள். காவலாளி தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். காலையில் கையைப் பிடித்து இழுத்த குற்றம் அவரை நெருடியிருக்க வேண்டும். பத்துமலை சட்டையைக் கழற்றிக் காருக்குள் நாற்காலிமேல் போட்டுவிட்டு, ஈரத் தரையில் மண்டியிட்டு, தான் நாள்கணக்கில் வெட்டி வெட்டி ஒட்டிய சட்டத்தின்மேல் கிரைண்டரின் வட்டத் தகட்டை வைத்தார்.

வாழ்நாளெல்லாம் இரும்பு அறுத்த கைதான். ஆனாலும் இன்று விரற்கடை விரற்கடையாகத்தான் இறக்கினார். பொறி பறந்து வெறும் மார்பில் தெறித்தது. ஓரம் போயிற்று, சட்டம் போயிற்று, பெட்டி மாதிரி ஓடிய விளிம்பின் மேல்தகடு போயிற்று. அடித்தகட்டில் பேட்டரி செத்துப்போனது. பெட்டியில் கிடந்த ஹேக்ஸா பிளேடைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுத்தார், பிளேடு ஒடிந்தது, ஒடிந்த துண்டால் இழுத்தார். கடைசியில் தொங்கிய தகட்டைக் காலால் மிதித்து மிதித்துப் பிய்த்தபோது வண்டி 'மளுக்'கென்று ஒரு சத்தம் போட்டது. வண்டியின் கூரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் வழிந்தது, கதவு தானாகவே கொஞ்சம் இறங்கியது. பத்துமலை அந்த இறக்கத்தைக் கவனித்தார். கேட் செய்கிறவர் அல்லவா, தொங்குகிற கதவு கண்ணில் படாமல் போகுமா.

அறுத்த ஓரத்தில் கையைத் தேய்த்துப் பார்த்து, கூர் இருந்த இடமெல்லாம் தன் சட்டையை மடித்துச் சுற்றினார். "வா," என்றார்.

பமேலா உருட்டிவந்த சக்கர நாற்காலியிலிருந்து செல்லாயி எழுந்து, முதுகைத் திருப்பி, பின்பக்கமாகச் சாய்ந்தாள். உட்கார்ந்துவிட்டாள். யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. பத்துமலை அவள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். பமேலா ஒரு பலகாரப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்து, "தீபாவளி வாழ்த்து ஆன்ட்டி," என்றாள். கதவு சாத்த வரவில்லை. கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

மெயின் ரோட்டில் மெதுவாகப் போனார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூடு முனகியது, அவர் இன்னும் வேகத்தைக் குறைத்தார். மழை விட்டிருந்தது. தோட்டத்துச் சடக்கில் இறங்கியதும் முதல் திட்டிலேயே அடியில் உரசும் சத்தம் கேட்டது. காலையில் உரசாத இடம். செல்லாயியின் நாற்காலிக்கு நேர் கீழே, பிடிப்பு போன தரை தொங்கி மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

"என்னங்க சத்தம்?"

"கல்லு. வேற ஒண்ணுமில்ல."

அவள் தலையாட்டினாள். அறுத்த பக்கத்து இடைவெளி வழியாகக் காற்று அவள் சேலையை அடித்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிறு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள், மீதியை அவர் வாயில் ஊட்டினாள். கன்றிப்போன இடது கையை வலது கையால் தாங்கி, மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் முகத்தில் இப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

"ஏங்க, நாளன்னிக்குக் காலையில எத்தன மணிக்குக் கெளம்பலாம்? மழ வந்துட்டா நேரமாயிடும். தவணய விட்டுறக் கூடாது."

இரும்பு மண்ணில் இன்னொரு தடவை நீளமாகத் தேய்த்தது. பத்துமலை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடியறதுக்கு முந்தியே கெளம்பிடுவோம் புள்ள," என்றார்.